வீட்டு மிக் வெல்டிங் மெஷினுக்கு எந்த காஸ் ரெகுலேட்டர் எடுக்கறது? ஹீட்டர் வேணுமா வேணாமா?

காரிமங்கலம்_ராகிக்களி:

வணக்கம்ணா எல்லாருக்கும். நமக்கு காரிமங்கலம் பக்கம். போன வருசம் ஆன்லைன்ல 200 ஆம்ப் சிங்கிள் பேஸ் மிக் மெஷின் ஒண்ணு எடுத்தேன், பட்டறை போடறதுக்கு இல்ல, வீட்டு வேலைக்குத்தான். மாட்டுக்கொட்டாய்க்கு கேட்டு, டேங்க் ஸ்டாண்டு, மாடி கைப்பிடி, தோட்டத்துல எது உடைஞ்சாலும் ஒட்டறதுக்கு இப்படி. இவ்ளோ நாளா காஸ் இல்லாத பவுடர் ஒயர்லயே ஓட்டிட்டு இருந்தேன். புகை கண்ணு மூக்கெல்லாம் எரியுது, பத்த வெச்சு முடிச்சு ஸ்லாக் தட்டி பொறி சுரண்டறதுக்கே பாதி நாள் போயிடுது, ஒயரும் விலை ஜாஸ்தி. சரி காஸ் போட்டு ஓட்டலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

தருமபுரியில ஒரு கடைக்கு போய் ரெகுலேட்டர் கேட்டா மூணு எடுத்து மேஜை மேல வெச்சாரு. ஒண்ணுல ரெண்டு வட்ட மீட்டரு. இன்னொண்ணுல ஒரு வட்ட மீட்டரும் பக்கத்துல கண்ணாடி குழாய்க்குள்ள ஒரு குண்டும். மூணாவதும் குண்டு வெச்சதுதான், ஆனா பின்னாடி டப்பா மாதிரி ஒண்ணு இருக்கு, அதுல இருந்து கரண்ட் ஒயரு தொங்குது, அதுதான் ஹீட்டராம். எது வேணும்னு என்னையே கேக்கறாரு, அது தெரிஞ்சா நான் ஏங்க அவர்கிட்ட கேக்கறேன். அப்பறம் உள்ள போய் நாலாவதா ஒண்ணு கொண்டாந்து இது டூ ஸ்டேஜ், வாங்கறதே வாங்கறீங்க இதையே எடுத்துக்குங்கன்னாரு. விலைய கேட்டுட்டு டீ குடிச்சுட்டு வரேன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்.

எங்க மாமா சோடா கம்பெனி வெச்சிருக்காரு, அவர்கிட்ட சின்ன சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு) சிலிண்டர் சொந்தமா ரெண்டு இருக்கு, ஒண்ணு தரேங்கறாரு. பெரியப்பா பையன் காஸ் கட்டிங் பண்றவன், அவன்கிட்ட பழைய ஆக்சிஜன் ரெகுலேட்டர் சும்மா கெடக்கு. மெஷின் கூட வந்த புக்குல ஆர்கான் மிக்ஸ் (ஆர்கானும் சிஓடூவும் கலந்த காஸ்) போடுன்னு இருக்கு. இப்ப நான் என்ன வாங்கறது, எதுக்கு காசு போடணும், எதுக்கு போட வேணாம்? நான் ஒட்டறதெல்லாம் 16 கேஜ் ஸ்கொயர் பைப்புல இருந்து 5 எம்எம் ஆங்கிள் வரைக்கும்தான், எஸ்எஸ் அலுமினியம் எல்லாம் கிடையாது.

—

ஊத்தங்கரை_பட்டறை:

தம்பி, ரெகுலேட்டர் கடைசியில வாங்கற சாமான். என்ன காஸ் போடப்போற, அந்த சிலிண்டர் உனக்கு எங்க ரீஃபில் ஆகும், அத முதல்ல முடிவு பண்ணு, ரெகுலேட்டர் தானா முடிவாயிடும். நிறைய பேர் ஆன்லைன்ல ரெகுலேட்டர வாங்கி கையில வெச்சுட்டு அதுக்கு சிலிண்டர் தேடறாங்க, கல்யாணத்துக்கு சட்டை தெச்சுட்டு பொண்ணு பாக்கற கதை.

நீ சொல்ற வேலைக்கு சுத்தமான சிஓடூ போதும். நான் 20 வருசத்துக்கு மேல கிரில், கேட்டு, ஷெட்டுன்னு அதுலதான் ஓட்டறேன். பொறி கொஞ்சம் ஜாஸ்தி தெறிக்கும், ஆனா உள்ள நல்லா இறங்கும், காசும் கம்மி.

சிலிண்டர் கணக்கு சொல்றேன் கேளு. 10 லிட்டர் சிலிண்டர்ல ஆர்கான் 150 பார் அடிச்சா 1500 லிட்டர் காஸ்தான் வரும். நிமிசத்துக்கு 10 லிட்டர் விட்டா ரெண்டரை மணி நேரம் ட்ரிகர் அமுத்தலாம், அவ்ளோதான். அதே 10 லிட்டர் சிலிண்டர்ல சிஓடூ ஆறு கிலோவுக்கு மேல ஏறும், ஏன்னா அது உள்ள தண்ணி மாதிரி திரவமா நிக்கும். ஒரு கிலோ சிஓடூ விரிஞ்சா 500 லிட்டருக்கு மேல காஸ். ஆறு கிலோன்னா 3000 தாண்டுது, அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஓடும். வீட்டுல வாரத்துக்கு ஒரு நாள் ஓட்டற உனக்கு ஆறு மாசம் வரும். மாமா குடுக்கறாருன்னா வாயத் தொறக்காம வாங்கிக்க. சோடாவுக்கு வர்ற காஸ் நம்ம வேலைக்கு சுத்தம் போதும், அதுல குறை ஒண்ணும் இல்ல.

ஆனா சோடா ரெகுலேட்டர் வேணாம். அது பிரஷர் காட்டும், நமக்கு வேண்டியது நிமிசத்துக்கு எத்தனை லிட்டர் போகுதுங்கறது. பெரியப்பா பையனோட ஆக்சிஜன் ரெகுலேட்டரும் அதே கதைதான், லிட்டர் காட்டாது.

—

சும்மா_வந்தவன்_பர்கூர்:

எங்க ஆபீஸ்ல டேட் முடிஞ்ச சிஓடூ தீயணைப்பு சிலிண்டர் ரெண்டு மூலையில கெடக்கு. குழாய கழட்டிட்டு அதுல ரெகுலேட்டர் மாட்டிடலாமே, ஓசி காஸ். யூடியூப்ல ஒருத்தர் பண்ணிருந்தாரு.

—

ஓசூர்_செகண்ட்_ஷிப்ட்:

பர்கூர் நண்பா, அத மட்டும் பண்ணாதீங்க. தீயணைப்பு சிலிண்டருக்குள்ள வால்வுல இருந்து அடி வரைக்கும் ஒரு குழாய் இறங்கும். நிமித்தி வெச்சு தொறந்தா காஸ் வராது, அடியில இருக்கற திரவம்தான் வரும். அது ரெகுலேட்டருக்குள்ள போனா காஸ தொறந்து மூடற சீட்டு ஒரே நிமிசத்துல உறைஞ்சு ஜாம் ஆகும், அப்பறம் எந்தப் பக்கம் எது பிச்சுட்டு போகும்னு சொல்ல முடியாது. சாதாரண சிஓடூ சிலிண்டரையும் படுக்கப் போட்டு ஓட்டக்கூடாதுங்கறது இதே காரணத்துக்குத்தான்.

இப்ப கேள்வி கேட்டவருக்கு. நான் ஓசூர் சிப்காட்ல ஃபேப்ரிகேஷன்ல இருக்கேன், தினமும் மிக்தான். உங்க கடைக்காரர் மேஜையில வெச்சத ஒண்ணொண்ணா பாப்போம்.

ரெண்டு வட்ட மீட்டர் வெச்சது இருக்கு பாருங்க, அதுல ரெண்டாவது மீட்டர்ல எல்பிஎம்னு (நிமிசத்துக்கு எத்தனை லிட்டர்) எழுதியிருக்கும், ஆனா அது நெசமா அளக்கறது பிரஷரத்தான். உள்ள ஊசி ஓட்டை அளவுல ஒரு துவாரம் இருக்கு, இவ்ளோ பிரஷர் இருந்தா அந்த துவாரத்துல இவ்ளோ லிட்டர் போகும்னு கணக்கு போட்டு முள்ளுக்குப் பின்னாடி அச்சடிச்சிருப்பாங்க. துவாரம் சுத்தமா இருக்கற வரைக்கும் சரி. டார்ச் (கையில புடிச்சு ஒட்டற துப்பாக்கி) மூக்குல பொறி அடைச்சு ஒரு சொட்டு காஸ் கூட வெளிய வரலைன்னாலும் அந்த முள்ளு 12லயே நிக்கும். நீங்களும் காஸ் போகுதுன்னு நம்பி பத்த வெச்சுட்டே இருப்பீங்க, பீடு (ஒட்டுன கோடு) பூரா புழு அரிச்ச மாதிரி ஓட்டை.

கண்ணாடி குழாய் குண்டு அப்படி ஏமாத்தாது. காஸ் ஓடுனாத்தான் குண்டு ஏறும், நின்னா விழும். ட்ரிகர் அமுத்துனா டொக்குனு எழும்பி நிக்கும், விட்டா கீழ உக்காரும். ட்ரிகர் தொடாமயே குண்டு அந்தரத்துல ஆடிட்டு இருந்தா ஹோஸ்லயோ மெஷினுக்குள்ள காஸ தொறந்து மூடற சோலனாய்டுலயோ லீக்னு உடனே தெரியும். ஒரே தொல்லை, குழாய் நேரா செங்குத்தா நிக்கணும், சாய்ஞ்சா அளவு தப்பும். கீழ விழுந்தா குழாய் உடையும். வீட்டுக்கு நான் குண்டு வெச்சததான் சொல்லுவேன்.

குழாய் மேல ஆர்கான்னு எழுதியிருந்து நீங்க சிஓடூ விட்டீங்கன்னா கூட பெருசா ஒண்ணும் ஆகாது. ரெண்டுக்கும் கனம் கிட்டத்தட்ட ஒண்ணு, 100க்கு 5 தான் வித்தியாசம் வரும்.

டூ ஸ்டேஜ் உங்களுக்கு சுத்தமா வேண்டாம், அதுவும் சிஓடூவுக்கு. டூ ஸ்டேஜ் எதுக்குன்னா ஆர்கான் மாதிரி காஸ் தீரத் தீர சிலிண்டர் பிரஷர் 150ல இருந்து இறங்கிட்டே வரும், அப்ப வெளிய போற அளவு நகராம இருக்கறதுக்கு. சிஓடூல உள்ள திரவம் இருக்கற வரைக்கும் பிரஷர் இறங்கவே இறங்காதே, அப்பறம் அந்த காசு எதுக்கு.

—

காரிமங்கலம்_ராகிக்களி:

ஓசூர் அண்ணா, பிரஷர் இறங்காதுன்னா சிலிண்டர்ல எவ்ளோ இருக்குன்னு எப்படிங்க பாக்கறது? மீட்டர் சும்மா அழகுக்கா? ஹீட்டர் விசயம் யாருமே சொல்லலியே.

—

தளி_மலைக்காடு:

மீட்டர் அழகுக்கு இல்லைங்க, அது தெர்மாமீட்டர். சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். சிஓடூ திரவமா இருக்கற வரைக்கும் உள்ள இருக்கற பிரஷர் வெயிலப் பொறுத்தது. 10 டிகிரியில 45 பார் காட்டும், 20ல 57, 30 டிகிரி ஆனா 72 கிட்ட. எங்க தளியில மார்கழி காலையில 50க்கு கீழ நிக்கற முள்ளு, அதே சிலிண்டர சித்திரையில தருமபுரிக்கு கொண்டு போனா 70 தாண்டி காட்டும். ஒரு கிராம் காஸ் கூட ஏறியிருக்காது. முள்ளு மடமடன்னு இறங்க ஆரம்பிச்சா திரவம் தீந்துடுச்சு, இன்னும் கொஞ்ச நேரத்துக்குத்தான் காஸ்னு அர்த்தம், அது ஒண்ணுதான் அதுல இருந்து தெரியும். எவ்ளோ இருக்குன்னு தெரியணும்னா தராசுல தூக்கி வையுங்க. சிலிண்டர் தோள்ல வெறும் எடை குத்தியிருப்பாங்க, அத கழிச்சா மிச்சம் காஸ்.

ஹீட்டர் கதைய என்கிட்ட கேளுங்க, நான் பட்டவன். ரெண்டு வருசம் முன்ன ரோஜா பாலிஹவுஸ் ஒண்ணுக்கு பைப்பு ஸ்டாண்டு அடிக்கற வேலை. ஜனவரி, காலையில ஏழு மணி, வாயத் தொறந்தா புகை வருது. ஹீட்டர் இல்லாத ரெகுலேட்டர், 15ல வெச்சு நீளமா ஒரு பத்து நிமிசம் விடாம ஓட்டுனேன். திரும்பிப் பாத்தா ரெகுலேட்டர் உடம்பு பூரா உப்பு தடவுன மாதிரி வெள்ளையா பனி. குண்டு அப்படியே மெல்ல மெல்ல இறங்குது, 15, 10, 6, நான் குமிழ இன்னும் திருகறேன், அசையல. திடீர்னு உள்ள அடைச்சிருந்தது விட்டுடுச்சு, குண்டு சர்ருனு உச்சிக்குப் போய் ஒட்டிக்கிச்சு, ஹோஸ் பின்னாடி இருந்து பட்டுனு கழண்டு பாம்பு மாதிரி ஆடுது. கூட இருந்த பையன் ஓடியே போயிட்டான்.

ஏன் அப்படின்னா 60, 70 பார்ல இருந்து ஒரே தாவுல மூணு நாலு பாருக்கு காஸ் இறங்கறப்ப பயங்கரமா குளுந்துடும், சிஓடூல அது ரொம்ப ஜாஸ்தி. கூடவே சிலிண்டருக்குள்ள திரவம் காஸா மாற சூட்ட இழுக்கும். துவாரத்துல பொடிப்பொடியா பனிக்கட்டி கட்டி அடைக்கும். ஆர்கான்ல இந்த தொல்லை கிடையாது, அதுக்கு ஹீட்டரும் கிடையாது.

உறைஞ்சா பர்னர் காட்டறது, கொதிக்கற தண்ணி ஊத்தறது இதெல்லாம் பண்ணாதீங்க. நிறுத்திட்டு சும்மா விடுங்க, இல்ல வெதுவெதுப்பான தண்ணில நனைச்ச துணி சுத்துங்க.

—

ஊத்தங்கரை_பட்டறை:

நாங்க அந்தக் காலத்துல ரெகுலேட்டர் பக்கத்துல 100 வாட் குண்டு பல்ப கட்டித் தொங்க விட்டு ஓட்டுனோம். இப்ப அந்த பல்பும் கிடைக்கறதில்ல.

தளிக்காரர் சொல்றது உண்மைதான், ஆனா காரிமங்கலத்து வெயில்ல 10 லிட்டர் விட்டு நாலு இஞ்சு நாலு இஞ்சா கேட்டு ஒட்டறவனுக்கு ஹீட்டர் இல்லாமலே ஓடும். எங்க பட்டறையில சின்ன மெஷின்ல ஹீட்டர் கெட்டு ஒரு வருசம் ஆச்சு, அப்படியேதான் ஓடுது. கையில காசு இருந்தா ஹீட்டர் வெச்சதே எடு, வேணாங்கல. ரெண்டுக்கும் விலை வித்தியாசம் பெருசா இருக்காது.

—

ஓசூர்_செகண்ட்_ஷிப்ட்:

நானும் ஹீட்டர் வெச்சதையே எடுக்கச் சொல்லுவேன், நாளைக்கு நீளமா ஒரு ஷெட் வேலை வந்தா உதவும். ஆனா அதுல ஒரு கண்ணி இருக்கு, அதுல விழுந்தவங்க நிறைய பேர். ஹீட்டர் வோல்டேஜ். 36 வோல்ட்ல வரும், 110ல வரும், 230ல வரும், மூணும் பாக்க ஒரே மாதிரி டப்பாதான். பெரிய மிக் மெஷின்கள்ல பின்னாடி ஹீட்டருக்குன்னே 36 வோல்ட் சாக்கெட் இருக்கும், அதுக்காக வர்றது 36 வோல்ட் ஹீட்டர். அத கொண்டு போய் வீட்டு பிளக்ல சொருகுனா 40 மடங்கு பவர் அதுக்குள்ள போகும், புஸ்ஸுனு ஒரே வாடை, முடிஞ்சுது. 110 வோல்ட் ஹீட்டரும் 230ல நாலு மடங்குக்கு மேல இழுக்கும், அதுவும் தாங்காது. டப்பா மேல எழுதியிருக்கறத படிக்காம சொருகாதீங்க, எழுதலைன்னா வாங்காதீங்க. உங்க மெஷின் பின்னாடி அந்த சாக்கெட் இருக்கா?

அப்பறம் மரை. இங்க நமக்கு வர்ற சிஓடூ சிலிண்டர் வால்வுல மரை வெளிப்பக்கம் இருக்கும், ரெகுலேட்டர்ல பெரிய நட்டு, நடுவுல ஒரு வாஷர். ஆர்கான் வால்வுல மரை உள்பக்கம், ரெகுலேட்டர் மூக்கு உள்ள போய் உலோகத்தோட உலோகம் உக்காரும், வாஷர் கிடையாது, டேப்பும் சுத்தக்கூடாது. எங்களுக்கு வர்ற மிக்ஸ் சிலிண்டரும் ஆர்கான் மாதிரி உள்மரைதான். ஆக்சிஜனுக்கும் அதே மரைங்கறதாலதான் உங்க பெரியப்பா பையன் ரெகுலேட்டர் ஆர்கான்ல மாட்டும், சிஓடூல மாட்டாது. மாட்டலையேன்னு லேத்துல அடாப்டர் கடைஞ்சு போடற ஆளுங்க இருக்காங்க, அந்த ஐடியாவே வேணாம். வாங்கப் போறப்ப வால்வ ஃபோன்ல ஒரு போட்டோ புடிச்சுட்டு போங்க, முடிஞ்சா சிலிண்டரையே கொண்டு போய் கடையிலயே மாட்டிப் பாத்துடுங்க. ஆக்சிஜன்ல இருந்த ரெகுலேட்டர வேற காஸுக்கு மாட்டிட்டு திரும்ப ஆக்சிஜனுக்கு கொண்டு போறதும் தப்பு, எண்ணெய் பிசுக்கு ஒரு துளி உள்ள போயிருந்தா கூட ஆக்சிஜன்ல பத்திக்கும்.

ஊத்தங்கரை பெரியவர்கிட்ட ஒரே ஒரு விசயத்துல எனக்கு ஒத்து வராது. 16 கேஜ் பைப்புக்கு மிக்ஸ் போட்டா கை வசமாகற வரைக்கும் நிம்மதி, பைப்பு உருகி ஓட்டை விழறது கம்மி, பொறி கம்மி, பெயிண்ட் அடிக்க முன்ன சுரண்டற வேலை பாதி. கம்பெனியில நாங்க ஆர்கான் 80க்கு சிஓடூ 20 தான் ஓட்டறோம்.

—

ஊத்தங்கரை_பட்டறை:

கம்பெனியில காஸ் பில்லு முதலாளி கட்டறாரு தம்பி. அவன் மிக்ஸ் சிலிண்டருக்கு டெபாசிட் கட்டி, ஓசூருக்கும் சேலத்துக்கும் அலைஞ்சு ரீஃபில் பண்ணி மாட்டுக்கொட்டாய் கேட்டு ஒட்டணுமா? வோல்டேஜ கொஞ்சம் குறைச்சு வெச்சு, புள்ளி புள்ளியா ஒட்டி ஆற விட்டு ஓட்டுனா 16 கேஜ் சிஓடூலயே சிரிச்சுட்டு ஒட்டும். என் பையனுக்கு நான் அப்படித்தான் கத்துக் குடுத்தேன்.

—

ஓசூர்_செகண்ட்_ஷிப்ட்:

சரி மாமா, ஓசி சிலிண்டர் முன்னாடி நான் வாதாட முடியாது 😄

—

காரிமங்கலம்_ராகிக்களி:

மெஷின் பின்னாடி 36 வோல்ட் சாக்கெட் இல்லைங்க, பாத்துட்டேன். அப்ப 230 ஹீட்டர், குண்டு வெச்ச குழாய், சிங்கிள் ஸ்டேஜ், வாஷர் வெச்ச சிஓடூ நட்டு, சரிதானே. ஞாயித்துக்கிழமை மாமா ஊர்ல இருந்து சிலிண்டர எக்ஸெல்ல வெச்சு கொண்டாந்துடறேன், தம்பி பின்னாடி உக்காந்து புடிச்சுக்குவான்.

—

தளி_மலைக்காடு:

எக்ஸெல் நம்ம ஓசூர் சரக்குதான், நெல்லு மூட்டை ஆட்டுக்குட்டி எல்லாத்தையும் தாங்கும், ஒத்துக்கறேன். ஆனா காஸ் சிலிண்டர டூவீலர்ல கொண்டு போகக்கூடாதுன்னு 2016 காஸ் சிலிண்டர் ரூல்ஸ்லயே இருக்கு. ஒரு குட்டி யானை புடிச்சு வால்வுக்கு மூடி போட்டு நிமித்தி கட்டி கொண்டு வாங்க. கார்ல வெச்சா கண்ணாடிய இறக்கி விடுங்க, லீக் ஆனா சிஓடூ கீழயே தங்கும், தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், தெரியவே தெரியாது. அப்படியே தோள்ல குத்தியிருக்கற டெஸ்ட் தேதியையும் பாத்துடுங்க, அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா டெஸ்ட் பண்ணியிருக்கணும், தாண்டியிருந்தா ரீஃபில் பண்றவங்க வாங்க மாட்டாங்க, வாங்கவும் கூடாது.

—

ஓசூர்_செகண்ட்_ஷிப்ட்:

நீங்க சொன்ன லிஸ்ட் சரி. ஈசாப், அடார் மாதிரி பேர் உள்ளதுல எடுத்தா நாளைக்கு சீட்டு, வாஷர், குழாய் தனியா கிடைக்கும், அது ஒண்ணுக்காக கொஞ்சம் கூட குடுக்கலாம்.

மாட்டறப்ப சிலிண்டர் வால்வ ஒரு நொடி லேசா தொறந்து மூடுங்க, வாயில இருக்கற தூசி போயிடும், மூஞ்சிக்கு நேரா வெச்சு பண்ணாதீங்க. மாட்டி முடிச்சு ரெகுலேட்டர் குமிழ முழுசா லூஸ் பண்ணிட்டு அப்பறம்தான் சிலிண்டர மெதுவா தொறக்கணும், மீட்டருக்கு முன்னாடி நிக்காம பக்கத்துல நின்னு. எல்லா ஜாயின்ட்டுக்கும் சோப்பு தண்ணி.

ஒண்ணு மறந்துடாதீங்க, பவுடர் ஒயர்ல இருந்து சாதா ஒயருக்கு மாறுறப்ப மெஷினுக்குள்ள பிளஸ் மைனஸ் மாத்தணும். காஸ் இல்லாத ஒயருக்கு டார்ச் மைனஸ்ல இருந்திருக்கும், இப்ப டார்ச் பிளஸ், கிளாம்ப் மைனஸ். இத மாத்தாம ஓட்டிட்டு காஸ் சரியில்ல ரெகுலேட்டர் சரியில்லன்னு வர்றவங்கதான் ஜாஸ்தி. 0.8 ஒயருக்கு 8ல இருந்து 10 லிட்டர், லேசா காத்து இருந்தா 12, 15. பீடுல ஓட்டை விழுதேன்னு 25க்கு ஏத்துனா இன்னும் மோசமாகும், வேகமா போற காஸ் சுழிச்சு வெளிக்காத்தையும் சேத்து உள்ள இழுத்துக்கும்.

—

காரிமங்கலம்_ராகிக்களி:

மூணு வாரம் கழிச்சு வரேன், எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ரெகுலேட்டர் ரெண்டாயிரத்து சொச்சத்துல முடிஞ்சுது, அதே கடையிலதான். 230 ஹீட்டரான்னு கேட்டதுக்கு எல்லாம் ஒண்ணுதாங்கன்னாரு, டப்பாவ திருப்பிப் பாத்தா 110னு இருக்கு. வேற எடுக்கச் சொல்லி வாங்குனேன். உங்களாலதான் அது தெரிஞ்சுது.

முதல் நாள் ஓட்டுனேன், அழுகையே வந்துடுச்சு. பிளஸ் மைனஸ் மாத்துனேன், குண்டு 12ல நிக்குது, பீடு மட்டும் தேன்கூடு மாதிரி. ஆடிக்காத்துன்னு நினைச்சு மாட்டுக்கொட்டாய் மூணு பக்கமும் தார்ப்பாய் கட்டுனேன். கொஞ்சம் பரவாயில்ல, ஆனா ஓட்டை போகல. 15 வெச்சேன், 20 வெச்சேன், ம்ஹூம்.

அப்பறம் பெரியப்பா பையன் வந்து ஒரு வேலை பண்ணான் பாருங்க. கிளாம்ப கழட்டி தூரமா போட்டுட்டு, ஒயர் தள்ளற ரோலர லூஸ் பண்ணிட்டு டார்ச் மூக்குல சைக்கிள் டியூப் துண்டு ஒண்ண மாட்டுனான். அன்னக்கூடை நிறைய தண்ணி, அதுல 5 லிட்டர் எண்ணெய் கேன தண்ணி நிரப்பி கவுத்து வெச்சு டியூப் முனைய கேனுக்குள்ள விட்டான். ட்ரிகர் அமுத்துனா பொளபொளன்னு காஸ் ஏறி தண்ணிய கீழ தள்ளுது. குண்டு 12 காட்டுது, அப்படின்னா 25 நொடியில கேன் காலியாகணும். ஃபோன்ல டைம் பாத்தா 50 நொடி ஆகுது. பாதி காஸ் நடுவுல எங்கயோ போகுது.

ஹோஸ் பூரா சோப்பு தண்ணி அடிச்சோம், ஒண்ணும் இல்ல. கடைசியில டார்ச்ச மெஷின்ல இருந்து கழட்டிப் பாத்தா சொருகற முனையில ரெண்டு ஓ ரிங் (ரப்பர் வளையம்) இருக்கணும், ஒண்ணு அறுந்து தொங்குது, இன்னொண்ணு அங்க இல்லவே இல்ல. ஒரு வருசமா காஸ் இல்லாம ஓட்டுனதால அது இருந்துதா இல்லியான்னே எனக்கு தெரியாது. பத்து ரூபா சாமான். போட்டதும் கேன் 27 நொடி, பீடு வெண்ணெய் மாதிரி.

இப்ப 10ல வெச்சு ஓட்டறேன், 16 கேஜ்ல இன்னும் அங்கங்க பைப்ப உருக்கி ஓட்டை போடறேன் ஆனா அது என் கை. ஹீட்டர் ரெண்டு தடவைதான் போட்டேன், சும்மா ஆசைக்கு. சிலிண்டர் வெறும் எடை 14.6னு குத்தியிருக்கு, ராகி மூட்டை தூக்கற தராசுல மாட்டுனா நேத்து 18.9 காட்டுச்சு, அப்ப நாலு கிலோவுக்கு மேல இன்னும் இருக்கு. முள்ளு முதல் நாள் நின்ன இடத்துலயே நிக்குது, தளி அண்ணா சொன்ன மாதிரியே.

—

ஊத்தங்கரை_பட்டறை:

நல்லது தம்பி. அந்த கேன் வித்தைய நான் இத்தனை வருசத்துல யோசிக்கல, நாளைக்கு என் பட்டறையில ரெண்டு மெஷினுக்கும் போட்டுப் பாக்கறேன். சிலிண்டர சும்மா நிக்க வெச்சிருக்கியா கட்டியிருக்கியா? மாட்டுக்கொட்டாய்னு சொல்ற, ஒரு கன்னுக்குட்டி முட்டுனா போதும். பழைய மாட்டுச் சங்கிலி ஒண்ண எடுத்து தூணோட சேத்து கட்டிடு. வேலை முடிஞ்சதும் வால்வ மூடிட்டு போ.

—

காரிமங்கலம்_ராகிக்களி:

கயித்துலதான் கட்டியிருந்தேன் மாமா, இப்பவே போய் சங்கிலி மாட்டறேன்.